அறுபத்து நாலு

சயான் ஸ்டேஷன் வாசலில் குடை விரித்து
சிம் விற்கிறவனிடம் போன வருஷம் கேட்டேன்:
எது நல்ல நெட்வொர்க்?
அவன் விலை சொல்லவில்லை.
"நீங்க எங்கே நிப்பீங்க, அதைச் சொல்லுங்க" என்றான்.

நான் நிற்பது ஆன்டாப் ஹில், நாலாவது மாடி,
அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒன்றரை அடி.
அங்கே சிவப்புக் குடையின் சிம்முக்கு மட்டும்
கோடுகள் முளைக்கும்.
தனிஸ்லாஸ் நிற்பது பாந்த்ரா-குர்லா வளாகத்தில்
தரைக்குக் கீழே மூன்றாம் தளம். கார்களுக்குக் காவல்.
அங்கே சிவப்பு செத்துவிடும்.
நீலம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு கிடக்கும்.
பேச்சு இறங்காது, எழுத்து மட்டும் சொட்டும்.
ஆகவே ஒரு கல்யாணம், இரண்டு கம்பெனி.

தினம் ஒன்றரை ஜிபி.
இரண்டு ஜிபி எடுத்திருக்கலாம், ஐம்பது ரூபாய் கூட.
அந்த ஐம்பதைப் பற்றி நாங்கள் பேசித் தீர்த்த மாலைகளை
ஐம்பதால் பெருக்கினால்
ஒரு ஃபிரிட்ஜ் வந்திருக்கும்.

நேற்று பக்கத்து வீட்டு ப்ரணவுக்கு
காலேஜ் விண்ணப்பம் கடைசி நாள். ஹாட்ஸ்பாட் கொடுத்தேன்.
விண்ணப்பத்தோடு மேட்சும் பார்த்திருக்கிறான், படுபாவி.
எட்டரைக்கு வந்தது செய்தி, இந்தியில், மிக மரியாதையாக:
இன்றைய பங்கு முடிந்தது,
இனி அறுபத்து நாலு கேபிபிஎஸ்.

ஆய கலைகளுக்கும் அறுபத்து நாலு,
ஹாட்ஸ்பாட் தானம் செய்தவளுக்கும் அறுபத்து நாலு.
துண்டிக்கவில்லை பாருங்கள், அதுதான் சாமர்த்தியம்.
கதவைச் சாத்திவிட்டு
சாவித்துவாரத்தைக் காட்டுகிறார்கள்,
வீடு உங்களுடையதுதான் என்று.

ஒன்பதே முக்காலுக்கு பாத்ரூமிலிருந்து வந்தேன்
கையில் அந்தக் குச்சியோடு.
முதல் கோடு அழுத்தமாக.
இரண்டாவது, பலமுறை துவைத்த துணியில்
மிச்சமிருக்கும் சாயம் போல.
இருக்கிறது.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன், இருக்கிறது.
ஐந்து வருஷம்.

படம் எடுத்து அனுப்பினேன்.
வட்டம் சுற்றியது.
சோறு வடித்தேன், சுற்றியது.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
போனை மோனோரயில் பக்கம் காட்டினேன்,
அப்போதும் அதன் இஷ்டத்துக்குத்தான் சுற்றியது.
பதினொரு நிமிஷம் கழித்து ஒரு டிக். பிறகு இன்னொன்று.

அவனுக்கும் தீர்ந்திருந்ததோ என்னவோ,
மங்கல்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது,
ஆவி படிந்த கண்ணாடி மாதிரி.
மங்கலில் அழுத்தமான கோடு தெரியும்.
மெல்லிய கோடு தெரியாது.
பதில் சொட்டியது:
"பரவால்ல ரெஜினா. சாப்ட்டு படு. அடுத்த மாசம் பாப்போம்."

எழுத்துக்கு அறுபத்து நாலு தாராளம்.
'ரெண்டு' என்று அடித்தேன். அழித்தேன்.
'நல்லா பாரு.' அதையும் அழித்தேன்.
பரவால்ல, பரவால்ல என்று
அறுபது மாசமாகச் சொல்லிவருகிறவன்
இதைக் கண்ணால் பார்க்கட்டும்.
அதுவரை இந்த மும்பையில்
எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று
இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இடையில் ப்ரணவ் வந்து நன்றி சொன்னான்.
ஸ்கோர் என்ன என்று கேட்டேன்.
செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

பன்னிரண்டு தாண்டி மூன்று நிமிஷம்.
'டைப்பிங்' என்று வந்தது. போனது.
வந்தது. போனது.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

போன் அடித்தபோது
மூன்று தளமும் ஏறி ஓடி வந்திருந்தான், இரைப்பு கேட்டது.
எனக்கு நாலு கோடு.
வெட்டவெளியில் அவனுக்கும் நாலு இருந்திருக்கும்.
ஒரு வார்த்தை கடக்கவில்லை.
அந்தப் பக்கம் ஏதோ கார் ரிவர்ஸ் எடுத்தது,
யாரோ "வாட்ச்மேன், வாட்ச்மேன்" என்று
கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.